எடுத்ததற்கெல்லாம் பேலன்சிங்

போன வாரம் ஒரு கல்யாணப் பந்தி. எதிர் வரிசையில் இருந்தவர், காய்கறி லோடு அடிக்கும் தன் பிக்கப் வண்டி எழுபதைத் தொட்டாலே உதறுகிறது என்று சொன்னார். அவர் வாய் மூடுவதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது. "பேலன்சிங் போடுங்க" என்றார் பக்கத்தில் இருந்த ஆசிரியர். ரைஸ்மில்காரரும் அதையே சொன்னார். பந்தி விசாரித்துக்கொண்டு வந்த மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒரு நொடி நின்று, "அப்படியே அலைன்மென்ட்டும் பாத்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். எந்த வேகத்தில் உதறுகிறது, ஸ்டீயரிங்கிலா சீட்டிலா, லோடு இருக்கும்போதா காலியாகவா, பிரேக் மிதிக்கும்போதா, எப்போதிலிருந்து என்று ஒருவராவது கேட்க வேண்டுமே! கேட்கவில்லை. அந்த வரிசையில் என் மைத்துனரும் இருந்தார். அவரும் ஆமாம் என்று தலையாட்டினார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இதே பேச்சை நம்பிப் பணத்தையும் தூக்கத்தையும் தொலைத்தவர் அவர்.

நம் ஊரில் வண்டி வைத்திருப்பவர்கள் மத்தியில் இவ்வளவு ஆழமாக வேர்விட்ட மூடநம்பிக்கை வேறு இல்லை என்பேன். நாலு வழிச்சாலை ஓரம் எங்கே பார்த்தாலும் 'கம்ப்யூட்டர் வீல் அலைன்மென்ட், பேலன்சிங்' என்று பலகை. பலகையைப் படித்துப் படித்தே ஜனங்கள் அதை வைத்தியம் என்று நம்பிவிட்டார்கள். வண்டி ஒரு பக்கம் இழுத்தாலும் அதுதான், டயர் தேய்ந்தாலும் அதுதான், மொத்த வண்டியும் உடுக்கை போல அதிர்ந்தாலும் அதுதான்.

என் மைத்துனரின் வண்டிக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்குத் தக்காளியும் முருங்கைக்காயும் ஏற்றிப் போகும் பிக்கப் அது. கிளட்ச் தேய்ந்து, ஒரு ஒர்க்‌ஷாப்பில் கியர்பாக்ஸை இறக்கிப் புது பிளேட் போட்டார்கள். மறுநாள் லோடிலேயே ஆட்டம் ஆரம்பித்துவிட்டது. அறுபத்தைந்துக்கு மேல் போனால் தரை அதிர்கிறது, கியர் லீவர் நடுங்குகிறது, சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு முனகல். ஓட்டுநர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "அண்ணே, கிளட்ச் போட்டதுல இருந்துதான் இப்படி. அதுக்கு முன்னாடி இல்லை." இதைவிடத் தெளிவான துப்பு வேண்டுமா? காதில் போட்டுக்கொள்ள ஆள் இல்லை. பேலன்சிங் போட்டார்கள். அடங்கவில்லை என்றதும் வேறொரு கடையில் மறுபடி போட்டார்கள். அலைன்மென்ட் பார்த்தார்கள். முன் டயர் இரண்டும் புதிதாக வாங்கினார்கள். வாங்கிய டயருக்கும் பேலன்சிங்! ஆட்டம் மட்டும் அப்படியே இருந்தது.

கடைசியில் கண்டுபிடித்தவர் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவர். வண்டிக்கு அடியில் படுத்தார், டார்ச் அடித்துப் பார்த்தார், வெளியே வந்து ஒரே கேள்வி கேட்டார்: "ஷாஃப்ட்டைக் கழட்டும்போது குறி போட்டாங்களா?" போடவில்லை. கியர்பாக்ஸை இறக்க வேண்டுமானால் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். கழற்றியவர்கள் திரும்ப மாட்டும்போது, ஒன்றுக்குள் ஒன்று செருகும் பல்வரிசையில் சில பல் தள்ளி மாட்டிவிட்டார்கள். நோய் அவ்வளவுதான். பெரியவர் ஷாஃப்ட்டை இழுத்து, திருப்பி, சரியான பல்லில் செருகினார். அத்தனை மாத உதறலும் அன்றோடு நின்றது.

இந்த ஷாஃப்ட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பேலன்சிங் என்று வாய் கூசாமல் தீர்ப்புச் சொல்பவர்களில் பலர் வண்டியின் அடியில் இப்படி ஒன்று இருப்பதையே நினைத்துப் பார்ப்பதில்லை. கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளமான இரும்புக் குழாய் அது. நீளமான வண்டிகளில் இரண்டு துண்டாக இருக்கும். நடுவில் ரப்பருக்குள் பொதிந்த சென்டர் பேரிங் அதைத் தாங்கும். பின் ஆக்சில் கமான் பட்டையோடு மேலும் கீழும் போய்வருவதால் குழாய் நேர்கோட்டில் நிற்க முடியாது. அதற்காகத்தான் முனைகளில் கிராஸ் ஜாயின்ட் வைக்கிறார்கள். இந்த ஜாயின்ட்டுக்கு ஒரு குணம் உண்டு. ஒரு பக்கத் தண்டு சீராகச் சுற்றினாலும், கோணத்தில் இணைந்த மறுபக்கத் தண்டு சீராகச் சுற்றாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை முந்தும், இரண்டு முறை பிந்தும். ராபர்ட் ஹூக் 17-ஆம் நூற்றாண்டிலேயே இதைப் புரிந்துகொண்டு எழுதினார். இன்றும் பாடப்புத்தகங்களில் அதற்கு ஹூக் ஜாயின்ட் என்றே பெயர். இந்த முந்தல் பிந்தலை அடுத்த முனையில் உள்ள ஜாயின்ட் எதிர்ப்பக்கமாகச் செய்து சரிக்கட்டிவிடும். ஆனால் தயாரித்தவர்கள் வைத்த அதே நிலையில் இரண்டு முனைகளின் கவைகளும் பொருந்தி இருந்தால்தான் அந்தச் சரிக்கட்டல் நடக்கும். சில பல் தள்ளிப்போனால் ஒன்றை ஒன்று அடக்க வேண்டியவை ஒன்றுக்கு ஒன்று தூபம் போடும். சில வண்டிகளில் தவறாகச் செருகவே முடியாதபடி ஒரு பல்லை அகலமாக வைத்திருப்பார்கள். அப்படி இல்லாத ஷாஃப்ட்டில், கழற்றுவதற்கு முன் உளியால் ஒரு வெட்டு, அல்லது வெள்ளை பெயின்டில் ஒரு கோடு போட்டால் தீர்ந்தது. அந்த ஒரு கோட்டைப் போடாததால் வந்த நோய்க்கு டயர் வாங்கினார் என் மைத்துனர்.

இப்போது அந்தப் பேலன்சிங் மெஷினுக்கு வருகிறேன். அது என்ன செய்கிறது? சக்கரத்தை வண்டியிலிருந்து கழற்றி, தன்னுடைய தண்டில் கூம்பு வைத்து மாட்டி, சுற்றிப் பார்க்கிறது. எந்த இடத்தில் எடை குறைவோ அங்கே ஈயத்துண்டோ இரும்புத்துண்டோ வைக்கச் சொல்கிறது. அந்த வேலையை அது ஒழுங்காகவே செய்யும். ஆனால் வண்டியிலேயே நின்றுவிட்ட ஹப், டிரம், பேரிங், ஆக்சில், ஷாஃப்ட் எதுவும் அதன் கண்ணில் படாது. டயர் தரையில் லோடோடு அழுந்தும்போது எப்படி நடந்துகொள்ளும் என்பதும் அதற்குத் தெரியாது, ஏனென்றால் மெஷினில் டயர் அந்தரத்தில் சுற்றுகிறது. டயருக்கு உள்ளே கம்பிப் பட்டை பிரிந்து ஒரு பக்கம் மட்டும் விறைப்பாகவோ தளர்வாகவோ இருந்தால், அந்த டயரை மெஷின் கச்சிதமாக பேலன்ஸ் செய்து, திரையில் இரண்டு பூஜ்ஜியம் காட்டி அனுப்பிவிடும். வண்டி அதே மாதிரி தத்தித் தத்திப் போகும். இப்படிப் பட்டை பிரிந்த டயர் ஒரு நாள் ரோட்டில் வெடிக்கும். பூஜ்ஜியத்தை நம்பிப் போனவன் அன்றைக்கு யாரைப் போய்க் கேட்பான்?

சில பல் தள்ளி மாட்டிய ஷாஃப்ட்டை எந்த பேலன்சிங் மெஷினாவது கண்டுபிடிக்குமா? அந்த மெஷின் நிற்கும் கொட்டகைக்குள் ஷாஃப்ட் போவதே இல்லையே!

அலைன்மென்ட் கதை இதைவிட மோசம். பேலன்சிங்காவது சில உதறல்களைத் தீர்க்கும். அலைன்மென்ட் என்பது சக்கரங்கள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கின்றன என்ற கோணக் கணக்கு. அது தவறினால் டயர் ஓரம் தேயும், வண்டி இடமோ வலமோ இழுக்கும், நேர்ரோட்டில் ஸ்டீயரிங் கோணலாக நிற்கும். உதறலுக்கு ஏதாவது ஒன்று சுற்றிச் சுற்றி அடிக்க வேண்டும். கோணம் சுற்றுமா? கோணல் சக்கரத்தில் ஓடி ஓடி டயர் மேடு பள்ளமாகத் தேய்ந்தபின் ஒரு இரைச்சலும் அதிர்வும் வரலாம். அப்போதும் கோணத்தைத் திருத்திவிட்டு அதே டயரில் ஓட்டினால் இரைச்சல் போகாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். முன்பக்கம் ஒரே கட்டையான ஆக்சில் உள்ள வண்டிகளில் டை ராடை முறுக்கி 'டோ' மாற்றுவதைத் தவிர அந்தக் கடையில் திருத்துவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் தாளில் எல்லாம் அச்சாகி வரும். பச்சைக் கட்டம், சிவப்புக் கட்டம், புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம். கிங் பின் புஷ் தேய்ந்து, டை ராடு எண்ட் கையால் ஆட்டினாலே ஆடும் வண்டிக்கும் பச்சைக் கட்டத்தோடு தாள் கொடுக்கிறார்கள். நிற்கும்போது எடுத்த அளவு, ஓட ஆரம்பித்ததும் மாறிவிடும். அந்தத் தாளைப் பத்திரமாக டாஷ்போர்டில் வைத்துக்கொண்டு, "இப்பத்தாங்க அலைன்மென்ட் பார்த்தேன்" என்று காட்டுகிறார்கள். கம்ப்யூட்டர் என்ற ஒரு சொல்லுக்கு நம் மக்கள் காட்டும் பணிவை வண்டிக்கு அடியில் படுத்து எழுந்தவனுக்குக் காட்டியதில்லை.

உதறல் என்பது கணக்குக்குக் கட்டுப்பட்ட விஷயம். பதினைந்து இன்ச் ரிம்மில் 195/80 டயர் போட்ட பிக்கப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.2 மீட்டர். எழுபது கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு 9 சுற்றுச் சுற்றும். டிஃபரன்ஷியல் விகிதம் 4 என்று வைத்துக்கொண்டால் ஷாஃப்ட் நொடிக்கு 36 சுற்று. கிராஸ் ஜாயின்ட் கோளாறு ஒரு சுற்றுக்கு இரண்டு முறை என்பதால் நொடிக்கு 72 அடி. நொடிக்கு ஒன்பது முறை ஆடுவதைக் கண்ணால் பார்க்கலாம், ஸ்டீயரிங் கையில் குலுங்கும். எழுபத்திரண்டு முறை அதிர்வது பாதத்தில் குறுகுறுக்கும், காதில் முனகலாகக் கேட்கும். என் மைத்துனரின் ஓட்டுநர் முதல் நாளே 'முனகுது' என்றார். சக்கரம் அந்த வேகத்தில் முனகாது. முனகுது என்று சொன்னவுடனேயே சக்கரத்தை விட்டுவிட்டு ஷாஃப்ட்டைப் பார்த்திருக்க வேண்டும். இந்த வேறுபாட்டை உணர மெஷின் தேவையில்லை. கையும் காதும் போதும். அப்படியும் நம்பிக்கை வராதவர்களுக்குச் சட்டைப்பையில் இருக்கும் கைபேசியே அதிர்வை அளந்து காட்டும். ஜெர்மனியின் ஆக்கன் பல்கலைக்கழகத்தார் இலவசமாகக் கொடுக்கும் ஃபைஃபாக்ஸ் என்ற செயலி நொடிக்கு எத்தனை அதிர்வு என்று கோடு போட்டே காட்டிவிடும்.

சக்கரத்தில் எடை சரியில்லாததால் வரும் உதறலுக்கும் தனி அடையாளம் உண்டு. முப்பது கிராம் ஏறுக்குமாறாக இருந்தால், அந்த ரிம்மில் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஏறக்குறைய 2.4 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு நொடிக்குப் பத்து முறை வரும். நாற்பதில் அந்த இழுப்பு நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிடும், ஏனென்றால் அது வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவது. அதனால் பேலன்ஸ் கோளாறு குறைந்த வேகத்தில் அடங்கியிருந்து, வேகத்தில்தான் தலைகாட்டும். இருபது முப்பதிலேயே வண்டி தத்தினால் அது ரிம் வளைவு, அல்லது டயர் வீக்கம். லோடோடு முதல் கியரில் எடுக்கும்போது மட்டும் உதறினால் சென்டர் பேரிங், ஜாயின்ட், கிளட்ச் இவற்றில் ஒன்று. பிரேக் மிதித்தால் மட்டும் என்றால் டிரம்மோ டிஸ்க்கோ. நின்றபடி ஆக்சிலரேட்டரை மிதித்தாலே உதறினால் இன்ஜின் மவுன்ட்டையும் இன்ஜெக்டரையும் பார்க்க வேண்டும். நிற்கிற வண்டியின் உதறலுக்கும் பேலன்சிங் போட்ட ஊர் நம் ஊர்.

காசில்லாமல் செய்யக்கூடிய சோதனைகளை யாரும் செய்வதில்லை என்பதுதான் எனக்கு மிகவும் எரிச்சல். முன்னும் பின்னும் யாரும் வராத நேர்ரோட்டில், உதறும் வேகத்துக்குப் போய் நியூட்ரலில் விட்டுப் பாருங்கள். உதறல் தொடர்ந்தால் இன்ஜினையும் கிளட்ச்சையும் விட்டுவிடலாம்; அடங்கினால் சக்கரத்தின் மேல் பழி போட வேண்டாம். அதே வேகத்தில் ஒரு கியர் குறைத்துப் பாருங்கள். ஸ்டெப்னியை ஒவ்வொரு சக்கரத்துக்கும் மாற்றி மாட்டிப் பாருங்கள். முன் சக்கரங்களைப் பின்னுக்கும் பின் சக்கரங்களை முன்னுக்கும் மாற்றுங்கள். ஸ்டீயரிங்கில் இருந்த ஆட்டம் சீட்டுக்கு வந்தால் டயரோ ரிம்மோதான், நகராமல் அங்கேயே இருந்தால் சக்கரம் நிரபராதி. ஜாக்கியும் ஸ்பேனரும் போதும். காலி வண்டியில் ஒரு மாதிரி, லோடு ஏற்றினால் வேறு மாதிரி என்று ஓட்டுநர் சொன்னால் கமான் பட்டையையும் ஷாஃப்ட் கோணத்தையும் நினைக்க வேண்டும். லோடு ஏறினால் பின் ஆக்சில் நிற்கும் நிலை மாறுகிறது, ஜாயின்ட்டின் கோணமும் மாறுகிறது. என் மைத்துனரின் வண்டி தக்காளிக் கூடை ஏற்றினால் ஒரு மாதிரியும் இறக்கிவிட்டுத் திரும்பும்போது வேறு மாதிரியும் உதறியது. ஷாஃப்ட் வாய் திறந்து சொல்லாத குறை! கேட்கத்தான் ஆள் இல்லை, எல்லோரும் டயர் கடையில் இருந்தார்கள்.

"சார், சில நேரம் வருது, சில நேரம் போகுது" என்று ஓட்டுநர் சொன்னால் முதலாளிகள் சிரிக்கிறார்கள். சிரிக்க அதில் ஒன்றுமில்லை. கோளாறுள்ள இரண்டு டயர்களின் சுற்றளவு நூற்றில் ஒரு பங்கு வித்தியாசப்பட்டால் போதும். இரண்டின் அடியும் சில நொடி சேர்ந்து விழும், சில நொடி மாறி விழும். எண்பதில் பத்து நொடிக்கு ஒருமுறை உதறல் ஏறி இறங்கும். அவர் சொன்னது அச்சுப் பிசகாத உண்மை. பொய்க்காரர் என்று பெயர் வாங்கியதுதான் மிச்சம்.

முன் சக்கர ஆட்டத்தில் இன்னொரு வகை இருக்கிறது. ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் ஸ்டீயரிங் இரண்டு பக்கமும் வெறிபிடித்தது போல அடிக்கும். வேகத்தைக் குறைத்தால்தான் அடங்கும். கட்டை ஆக்சில் உள்ள பெரிய பிக்கப்களிலும் ஜீப்களிலும் இது வருவதால் அமெரிக்காவில் இதற்கு 'டெத் வாபிள்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஜீப் ராங்லர் தயாரிப்பாளர் மீதும் ஃபோர்டு எஃப்-250, எஃப்-350 வண்டிகளுக்காக அந்த நிறுவனத்தின் மீதும் 2019-இல் உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். அந்த ஊரில் பேலன்சிங்கின் இடத்தில் ஸ்டீயரிங் டாம்பர் உட்கார்ந்திருக்கிறது. ஆடினால் புது டாம்பர் போடு, அடங்கிவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் ட்ராக் பார் புஷ் தளர்ந்திருக்கும், பால் ஜாயின்ட் தேய்ந்திருக்கும், காஸ்டர் கோணம் குறைந்திருக்கும். டாம்பர் அதையெல்லாம் கொஞ்ச காலம் மூடி மறைக்கும், அதற்குள் தேய்மானம் இன்னும் கூடும். பணக்கார நாடு, பெரிய வண்டி என்பதால் மூடநம்பிக்கை குறைந்துவிடவில்லை. இங்கே கொத்தாக எல்லா பாகத்தையும் மாற்றச் சொல்லும் பெரிய சர்வீஸ் நிலையங்களும் அதே ஜாதிதான். ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் ஏதோ ஒன்றில் நிற்கும். நின்றதற்கு முந்தைய எல்லாவற்றுக்கும் பில் நம் தலையில்.

இதன் அடியில் ஒரு கூலி விவகாரம் இருக்கிறது. பாகத்துக்குக் காசு கொடுப்போம், மெஷின் தாளுக்குக் கொடுப்போம். அடியில் படுத்துப் பார்த்துச் சொன்னதற்குக் கொடுக்க மாட்டோம். "சும்மா பாத்துதானே சொன்னாரு" என்பார்கள். அந்த லேத் பட்டறைப் பெரியவருக்கு என் மைத்துனர் கொடுத்தது ஒரு டயரின் விலையில் எந்த மூலைக்கும் காணாது. ஐ.டி.ஐ.யில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு இரண்டு வருஷப் படிப்பு. புரொப்பல்லர் ஷாஃப்ட்டும் ஜாயின்ட்டும் அந்தப் பாடத்தில் இருப்பவைதான். படித்துவிட்டு வந்த பையன் பார்க்கிற வேலைக்குக் காசு கிடைக்காது என்று கண்டபின் என்ன செய்வான்? அவனும் பேலன்சிங் என்றுதான் சொல்வான். பார்க்காமல் சொன்னால் காசு, பார்த்துச் சொன்னால் நன்றி. இப்படி ஒரு ஏற்பாட்டில் நல்ல மெக்கானிக் எங்கிருந்து வருவான்?

எஃப்.சி.க்கு முந்தின வாரம் அடிக்கும் பெயின்ட்டையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சரக்கு வண்டி எட்டு வயது ஆகும்வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையும் அதற்குப்பின் வருஷா வருஷமும் தகுதிச் சான்று வாங்க வேண்டும். ரப்பர் தளர்ந்த சென்டர் பேரிங்கை மாற்றுவதற்குப் பதில் அதன் மேல் கறுப்பு பெயின்ட் அடித்துக் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். ஷாஃப்ட்டில் குறி இருந்திருந்தால் அதுவும் பெயின்ட்டுக்கு அடியில் போயிற்று. ரிம்மும் ஹப்பும் ஒட்டும் முகத்திலும் பெயின்ட். வருஷா வருஷம் ஏறிய அந்த அடுக்கின் மேல் சக்கரம் தட்டையாக உட்காராது, நட்டும் இறுகி நிற்காது. சுத்தமாகச் சுரண்டி, எதிரெதிர் நட்டாக மாற்றி மாற்றி இறுக்க வேண்டிய சக்கரத்தை, காற்றுத் துப்பாக்கியால் ஒரே மூச்சில் இறுக்கி அனுப்புகிறார்கள். அதன் பிறகு உதறினால்? வேறென்ன, பேலன்சிங்.

ரோட்டைப் பற்றிப் பேசாமல் எப்படி விடுவது? இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவின்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டரில் குலுங்காமல் ஏறி இறங்கலாம். நம் ஊர்த் தெருக்களில் இருப்பவை அந்த அளவுக்குப் போட்டவையா? கோயில் முன்னால் ஒன்று, கவுன்சிலர் வீட்டு முன்னால் ஒன்று, இரவோடிரவாகத் தாரைக் கொட்டி எழுப்பிய வரப்புகள். வெள்ளைக் கோடு கிடையாது, பலகை கிடையாது, மேலே தெருவிளக்கும் கிடையாது. ஒன்றரை டன் லோடோடு அதில் இறங்கும் வண்டிக்கு ரிம் வளையும், கமான் பட்டையின் சென்டர் போல்ட் அறும், யூ போல்ட் தளரும், ஷேக்கிள் புஷ் நசுங்கும். ஆக்சில் ஒரு விரற்கடை நகர்ந்தபின் வண்டி எப்படி நேராகப் போகும்? போட்டவர்கள் யாரும் ரிம்முக்குக் காசு தருவதில்லை.

கூடுதல் லோடுக்கு ஆசைப்பட்டுக் கமானில் இன்னும் இரண்டு பட்டை சேர்ப்பவர்களை என்ன சொல்ல? பின்பக்கம் தூக்கி நிற்கும், ஷாஃப்ட்டின் கோணம் மாறும், காலியாக வரும்போது ஜாயின்ட் கத்தும். பட்டை சேர்த்தது முதலாளி. ஆனால் வண்டி உதறுகிறது என்றதும் அவர் வாயில் முதலில் வருவது, "ஓட்டுறவன் சரியில்லை." பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

ஓட்டுநரின் உடம்பைப் பற்றி இந்த முதலாளிகள் ஒருநாளும் யோசித்ததில்லை. உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு, அதிலும் முதுகெலும்பு, நொடிக்கு 4 முதல் 8 வரையிலான மேல் கீழ் அதிர்வைத்தான் அதிகமாக வாங்கிக்கொள்ளும். நான் மேலே சொன்ன டயர் நாற்பதிலிருந்து அறுபது கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுவது நொடிக்கு ஐந்திலிருந்து ஏழெட்டுச் சுற்று. வளைந்த ரிம் கொடுக்கும் அடி, சரியாக முதுகு தாங்காத இடத்திலேயே போய் விழுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் இதற்கென்றே ஒரு ஆணை போட்டது: எட்டு மணி நேர வேலைக்குக் கணக்கிட்ட அதிர்வு 0.5 மீட்டர்/நொடி² என்ற அளவைத் தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 1.15-ஐத் தாண்டவே கூடாது. இங்கே பழனி ரோட்டிலும் தேனி ரோட்டிலும் இரவெல்லாம் ஓட்டிவிட்டு, இறங்கியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஓட்டுநரிடம் யார் அளந்து பார்த்தார்கள்? தக்காளி நசுங்கினால் மட்டும் மண்டியில் கணக்குப் பார்ப்பார்கள்.

வண்டியை மற்ற எல்லோரையும்விட அறிந்தவர் அதில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் உட்கார்ந்திருப்பவர். எந்த வேகத்தில் ஆரம்பித்தது, எந்த வேலை செய்ததற்குப் பிறகு வந்தது, கையில் தெரிகிறதா காலில் தெரிகிறதா என்று அவரிடம் கேட்டுத் தாளில் எழுதிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விடப்போகும்போது அவரைக் கூட அழைத்துப் போக வேண்டும். மெக்கானிக் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க வேண்டும். இதைச் செய்யாத ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விடாதீர்கள். ஷாஃப்ட்டைக் கழற்றப்போகிறேன் என்று சொன்னால், பக்கத்தில் நின்று குறி போட்டபிறகு கழற்றச் சொல்லுங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

கிளட்ச் போட்டதிலிருந்துதான் இப்படி என்று சொன்ன ஓட்டுநருக்கு என்ன நடந்தது தெரியுமா? புது டயர் வாங்கியும் உதறல் நிற்கவில்லை என்றதும், பள்ளத்தில் விட்டு ரிம்மைக் கெடுத்தது அவர்தான் என்று முடிவு கட்டி, பேட்டாவில் பிடித்தம் செய்தார்கள். ஷாஃப்ட் சரியானபிறகும் பிடித்த பணம் அவர் கைக்குத் திரும்பவில்லை. இவர் ஒருவர் மட்டுமல்ல. மார்க்கெட் வாசலில் லோடுக்குக் காத்திருக்கும் ஓட்டுநர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இதே கதையை வண்டிக்கு ஒன்றாகச் சொல்வார்கள். முதலாளிகள் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், என் மைத்துனரும் சேர்த்துத்தான்.